பிள்ளையும் நீங்களுமாகப் பழைய கார் எஞ்சினைப் புதுப்பிக்க: படிப்படியான வழிகாட்டி

பழைய கார் எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது எப்படி என்று சொல்லும் நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வேலையைப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து செய்யப் புகுந்தால், எந்தக் காகிதத்தை முதலில் பார்ப்பது, எந்தச் செலவை எப்போது செய்வது, பள்ளித் தேர்வுகளுக்கு நடுவே வேலையை எந்த இடத்தில் நிறுத்தி வைப்பது என்பவையெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. நானும் என் மகனும் கார்புரேட்டர் வைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை முழுக்கப் பிரித்துக் கட்டியபோது எங்களை அலைக்கழித்தது இரும்பு அல்ல, இந்த வரிசைக் குழப்பம்தான்.

அந்த அலைச்சலிலிருந்து எனக்குக் கிடைத்த விதி ஒன்றே. அளந்து எழுதப்படாத எதற்கும் பணம் கொடுக்கக் கூடாது. அந்த அளவுகளை எழுதும் நோட்டு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். கீழே சொல்பவை புஷ்ராடு வகை எஞ்சின்களை, அதாவது அடியில் இருக்கும் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நீண்ட கம்பிகள் வழியாக வால்வுகளை இயக்கும் எஞ்சின்களை, மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கும், கேம் ஷாஃப்ட் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடியில்) இருக்கும் எஞ்சின்களுக்கும் சில படிகள் மாறும்.

1. கழற்றுவதற்கு முன் காகிதங்களைச் சேருங்கள்

எஞ்சின் பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள உடற்பகுதியில்) பொறித்துள்ள எண்ணை வண்டியின் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த எண்ணைக் கிரீஸும் பெயிண்டும் மூடியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எழுத்து மழுங்கிவிடும் என்பதால், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்துப் படம் எடுத்து வையுங்கள். பழைய வண்டிகளில் இடையில் யாராவது எஞ்சினை மாற்றியிருப்பது சாதாரணம். எண் பொருந்தாவிட்டால், அதைப் பதிவில் திருத்தும் வழியை இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கொட்டி எஞ்சினைக் கட்டி முடித்தபின் விசாரிக்கப் போனால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் தேடி அலைய நேரும். எண் வேறாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. மினியிலும் மோரிஸ் மைனரிலும் வந்த பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) ஏ-சீரிஸ் எஞ்சின் 803 முதல் 1275 சி.சி. வரை பல அளவுகளில் தயாரிக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அவற்றுள் பல ஒன்றுபோலவே இருக்கும். பிஸ்டன் வாங்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

அடுத்ததாக, அதே மாடலுக்கும் அதே ஆண்டுக்கும் உரிய பட்டறைக் கையேட்டையும் உதிரி பாகப் பட்டியலையும் தேடிப் பிடியுங்கள். பழைய கையேடுகள் பலவற்றில் அளவுகள் அங்குலத்திலும் அடி-பவுண்டிலும் இருக்கும்; இன்று வாங்கும் கருவிகளோ மில்லிமீட்டரிலும் நியூட்டன் மீட்டரிலும் இருக்கும். 0.001 அங்குலம் என்பது 0.0254 மி.மீ.; 1 அடி-பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். தேவையான அளவுகள் அனைத்தையும் மாற்றி ஒரே பக்கத்தில் அட்டவணையாக எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்து, நீங்கள் தனியே கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் போல்ட் முறியும்.

கடைசியாக, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் செட், ஆயில் பம்ப், டைமிங் செயின் ஆகியவை இன்றும் கிடைக்கின்றனவா, எந்தெந்த அளவுகளில் கிடைக்கின்றன என்று விசாரித்து எழுதி வையுங்கள். விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எதையும் வாங்காதீர்கள். இலட்சக்கணக்கில் விற்ற எஞ்சினுக்குப் பாகம் சுலபமாகக் கிடைக்கும். அரிய வண்டி என்றால் கடைக்காரர்கள் கைவிரித்துவிடுவார்கள், அதைப் பிரித்துப் போட்டபின் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

2. எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே சோதியுங்கள்

எஞ்சின் ஓடுகிற நிலையில் இருந்தால், சூடான பிறகு எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து எழுதுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது எண் ஏறினால் கோளாறு ரிங்கிலோ போரிலோ (சிலிண்டரின் உட்சுவரிலோ) இருக்கிறது; ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைவாக இருந்தால், பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே கேஸ்கட் போயிருக்கும். சூடான நிலையில் ஆயில் பிரஷரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹெட் வேலையோடு முடியக்கூடிய எஞ்சினை ஆர்வக்கோளாறில் அடிவரை பிரித்துவிட்டு, செலவைப் பார்த்து மூலையில் போட்டுவிடுபவர்கள் ஏராளம்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தால், பிளக் துளைகள் வழியாக ஊடுருவும் ஆயிலை விட்டுச் சில நாட்கள் ஊற விடுங்கள். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிக்கும் யோசனை யாருக்கும் வர வேண்டாம்.

3. செலவையும் காலத்தையும் முன்கூட்டியே பிரித்து எழுதுங்கள்

செலவு மூன்று பங்காக வரும்: மெஷின் பட்டறைக் கூலி, உதிரி பாகங்கள், கருவிகள். புதியவர்கள் பாகங்களை மட்டும் கணக்கிட்டுவிட்டுப் பட்டறைக் கூலியை மறந்துவிடுகிறார்கள். ரீபோர் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைதல்), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்துச் சரிசெய்தல்), ஹெட் தளத்தைச் சமன்படுத்துதல், வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் இடம்) வேலை, இரசாயனக் கழுவல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது நல்லது. முறிந்த ஸ்டட், விரிசல் விட்ட ஹெட் போன்றவை பிரித்த பிறகுதான் கண்ணில் படும்.

கருவிகளில், எஞ்சினைத் தூக்கும் கிரேனையும் எஞ்சின் ஸ்டாண்டையும் இரவலாகவோ வாடகைக்கோ எடுக்கலாம். டார்க் ரெஞ்ச் (குறித்த விசையில் இறுக்கும் கருவி), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மைக்ரோமீட்டர் மூன்றும் சொந்தமாக இருக்க வேண்டும். டார்க் ரெஞ்சை நட்டு கழற்றப் பயன்படுத்தக் கூடாது என்பதையும், வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும் என்பதையும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, பிரிப்பதற்குச் சில வார இறுதிகள் போதும், காத்திருப்பதுதான் நீளும். நல்ல பட்டறைகளில் வரிசை இருக்கும், சொன்ன தேதி தள்ளிப்போகும். எங்கள் பிளாக்கைப் பட்டறை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தொடவே இல்லை. எனவே விடுமுறையில் பிரித்து அளந்து முடித்து, தேர்வுக் காலம் தொடங்கும்போது பாகங்கள் பட்டறையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். படிப்பும் கெடாது, அரைகுறையாகப் பிரித்த எஞ்சின் வீட்டில் கிடந்து உறுத்தவும் செய்யாது.

4. இடமும் பாதுகாப்பும்

பேட்டரியைத் துண்டித்து, பெட்ரோலை வடித்து, ரேடியேட்டரையும் ஆயிலையும் காலி செய்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கிரேனில் தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது, சங்கிலி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி. ஸ்டாண்டில் பூட்டும் போல்ட்டுகள் அதிக வலு கொண்ட தரத்தில் இருக்க வேண்டும். பழைய டப்பாவில் கிடந்தவற்றை நம்ப வேண்டாம்.

பலர் கவனிக்காமல் விடுவது ஆஸ்பெஸ்டாஸ். பழைய கேஸ்கட்டுகளிலும் கிளட்ச் தகட்டிலும் அது இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அமுக்கக் காற்றால் ஊதாதீர்கள். நனைத்துத் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டி, உங்கள் பகுதி விதிப்படி அப்புறப்படுத்துங்கள். பயன்படுத்திய எஞ்சின் ஆயில் தொடர்ந்து தோலில் படுவது புற்றுநோய் அபாயம் உள்ளது என்பதால் இருவருக்கும் நைட்ரைல் கையுறை கட்டாயம். பெரியவர் கையுறை போடாமல் பிள்ளையை மட்டும் போடச் சொன்னால் அது நடக்காது.

5. யார் எதைச் செய்வது

கிரேன், பெட்ரோல், வெப்பம் ஆகிய மூன்றும் பெரியவர் பொறுப்பு. அளப்பது, எழுதுவது, படம் எடுப்பது, இறுக்குவது ஆகியவை பிள்ளையின் பொறுப்பு. பெரியவருக்கு இதில் கடினமானது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். பிள்ளை ஒரு நட்டோடு நெடுநேரம் போராடும்போது ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டால், அன்றைக்கு வேலை விரைவாக முடியும், அடுத்த வாரம் நீங்கள் தனியாக நிற்பீர்கள். மாறாக, இறுக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் நோட்டில் டிக் போடும் வழக்கத்தைப் பிள்ளையிடம் விட்டுவிட்டால் அது உங்களையும் காப்பாற்றும். சம்பை (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை) மாட்டும் அவசரத்தில் நான் இருந்தபோது, “அம்மா, மூணாவது கேப்புக்கு நோட்டில டிக் இல்லையே” என்று என் மகன் நிறுத்தினான். அந்தப் பேரிங் கேப்பின் போல்ட் இறுகித்தான் இருந்தது. இருந்தாலும் மறுபடி டார்க் வைத்துப் பார்த்த பிறகே மாட்டினோம்.

6. பிரிக்கும்போது

கழற்றும் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதுங்கள். நீளம் மாறிய போல்ட் பிளாக்கைத் துளைத்துவிடும். ஒரு அட்டையில் துளைகள் இட்டு எண் எழுதி, புஷ்ராடுகளை வரிசை மாறாமல் செருகி வையுங்கள். டாப்பெட்டுகளும் (கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே உள்ளவை) அப்படியே. பழைய கேம் ஷாஃப்ட்டை மீண்டும் போடுவதாக இருந்தால், ஒவ்வொரு டாப்பெட்டும் தன் பழைய இடத்துக்கே போக வேண்டும்; புதிய கேம் போட்டால் டாப்பெட்டுகளும் புதியவையாகவே இருக்க வேண்டும்.

மெயின் பேரிங் கேப்புகள் பிளாக்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடுவதோ திருப்பிப் போடுவதோ கூடாது. எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நீங்களே குறியிடுங்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கும் இதே விதிதான். தேய்ந்த எஞ்சினில் சிலிண்டரின் மேல் விளிம்பில் ரிங் தொடாத இடம் ஒரு மேடாக நிற்கும். அதை நீக்காமல் பிஸ்டனை மேலே தள்ளினால் பிஸ்டன் உடையும். தள்ளுவதற்கு முன் ராடு போல்ட்டுகளின் மேல் ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டிவிடுங்கள், கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழாது. பழைய கேஸ்கட்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்து, புதியவற்றின் துளைகளோடு ஒப்பிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.

7. அளந்த பிறகே பட்டறைக்கு

ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களிலும், ஒவ்வொரு உயரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு கூம்பலையும், இரு திசைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு நீள்வட்டத் தேய்வையும் காட்டும். கிராங்க் ஷாஃப்டின் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் சுழலும் பகுதியையும்) அப்படியே அளந்து, கையேட்டின் எல்லையோடு ஒப்பிடுங்கள். ஹெட்டின் தளத்தில் நேர்விளிம்புக் கட்டையை மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள்.

இந்த எண்களோடு பட்டறைக்குப் போனால் உங்களை நடத்தும் விதமே வேறாக இருக்கும். உங்கள் அளவும் அவர்கள் அளவும் சேராவிட்டால், ஏன் என்று கேட்க உங்கள் கையில் நோட்டு இருக்கிறது. பிள்ளையை உடன் அழைத்துச் சென்று பேச விடுங்கள்.

இங்கேதான் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. பிஸ்டன் கைக்கு வருவதற்கு முன் போர் செய்யச் சம்மதிக்காதீர்கள். பிரிட்டிஷ் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 0.020, 0.040, 0.060 அங்குல ஓவர்சைஸ் (மூல அளவைவிட அவ்வளவு பெரிய) பிஸ்டன்கள் வரும். ஆனால் கடையில் இன்று எது இருக்கிறது என்பது வேறு விஷயம். பிஸ்டனை வாங்கி, அதையே அளந்து, அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். பேரிங் விஷயத்தில் வரிசை நேர்மாறு: கிராங்கை 0.010 அங்குலம் கிரைண்ட் செய்தார்களா, 0.020 செய்தார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பேரிங் வாங்குங்கள். அந்த அளவுப் பேரிங் கிடைக்கிறது என்பதை மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்ட் செய்வதற்கு முன் காந்த முறையில் விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட கிராங்குக்குக் கிரைண்டிங் கூலி கொடுப்பது வீண். வார்ப்பிரும்பு ஹெட் என்றால், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் போடுவது பற்றியும் பேசுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் எரியும்போது சீட்டின் மேல் ஒரு பாதுகாப்புப் படிவம் உண்டாகும். அந்தப் பெட்ரோல் 2021-இல், கடைசியாக விற்ற அல்ஜீரியாவோடு உலகச் சாலைகளிலிருந்து மறைந்துவிட்டது. சீட் மென்மையாக இருந்தால், வேகமாக ஓட்டும்போது வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதைந்துபோகும். ஹெட் எப்படியும் பட்டறையில் இருக்கும்போது செய்துவிடுவதே சிக்கனம்.

8. கழுவுவது

பட்டறையிலிருந்து வந்த பிளாக் பளபளவென்று இருக்கும். அதை நம்பாதீர்கள். ஹோனிங் செய்த (உட்சுவரை உரசித் தீட்டிய) சிலிண்டரில் கண்ணுக்குத் தெரியாத அரத்தூள் ஒட்டியிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை முழுமையாக எடுக்காது. வெந்நீரும் சோப்பும் விறைப்பான பிரஷும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். ஆயில் பாதைகளின் அடைப்புகளைக் கழற்றி நீளப் பிரஷை உள்ளே விட்டு எடுப்பதும் அவசியம். கழுவிய இரும்பு சில நிமிடங்களிலேயே துரு நிறம் கொள்ளத் தொடங்கும். எனவே ஒருவர் துடைக்கும்போதே மற்றவர் ஆயில் பூச வேண்டும்.

9. சேர்ப்பது

பேரிங் ஷெல்லின் பின்புறமும் அது உட்காரும் இடமும் துளி ஆயில் இன்றி உலர்ந்திருக்க வேண்டும். ஜர்னலைத் தொடும் முகத்தில் மட்டுமே அசெம்பிளி ஆயில். அதற்கு முன் பிளாஸ்டிகேஜ் சோதனை செய்யுங்கள். உலர்ந்த ஜர்னலின் மேல் அந்த மெல்லிய மெழுகு நூலைத் தண்டின் நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, கிராங்கைக் கொஞ்சமும் அசைக்காமல் மறுபடி கழற்றினால், நூல் தட்டையான பட்டையாகப் பரவியிருக்கும். உறையில் அச்சிட்ட அளவுகோலை அதன் மேல் பிடித்து, எந்தக் கோட்டின் அகலத்தோடு பொருந்துகிறதோ அதுவே இடைவெளி. பட்டை ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகியிருந்தால் ஜர்னல் கூம்பலாக இருக்கிறது என்று பொருள். இரண்டு அங்குல ஜர்னலுக்கு ஏறக்குறைய 0.002 அங்குலம் என்பது பொதுவான கணக்கு. கையேடு சொல்வதே இறுதி. எங்கள் வேலையில் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தது இந்தச் சோதனையைத்தான்.

பிஸ்டன் ரிங்குகளையும் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளி நேராக உட்கார வைத்து, முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். சாதாரண எஞ்சினில் போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 0.004 அங்குலம், அதாவது மூன்று அங்குலப் போருக்கு 0.012 அங்குலம் இருக்கலாம். குறைவாக இருந்தால், சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் உடையும். குறியிட்ட பக்கம் மேலே பார்க்க வேண்டும். இடைவெளிகள் ஒரே கோட்டில் வரக் கூடாது.

ஒவ்வொரு கேப்பை இறுக்கிய பிறகும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால், கடைசியாகப் போட்டதில்தான் கோளாறு. கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்களில் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். டைமிங் குறிகளைப் பொருத்தியபின் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் சேர்கின்றனவா என்று சரிபாருங்கள். ஹெட் போல்ட்டுகளைக் கையேடு தரும் வரிசைப்படி, பெரும்பாலும் நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக இறுக்குங்கள்.

10. முதல் ஸ்டார்ட்டும் அதன் பிறகும்

பிளக்குகளைக் கழற்றி வைத்தபடியே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் பிளக்குகளை மாட்ட வேண்டும். தண்ணீர், பெட்ரோல், இக்னிஷன் டைமிங் எல்லாம் முதலிலேயே சரியாக இருக்கட்டும். புதிய கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சினைக் கிளப்பிவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சரிசெய்துகொண்டிருக்க முடியாது. கிளம்பியவுடனே வேகத்தை 2000 முதல் 2500 ஆர்.பி.எம். வரை ஏற்றி, அந்த எல்லைக்குள் ஏற்றி இறக்கியபடி சுமார் 20 நிமிடம் ஓட விட வேண்டும். ஐடிலில் விட்டால் கேமுக்குத் தெறித்து வரும் ஆயில் போதாமல், கேமும் டாப்பெட்டும் அந்த முதல் நிமிடங்களிலேயே தேய்ந்துபோகும். ஆயிலும் துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மானம் அதிகமுள்ளதாக, ரன்னிங்-இன் (புதிய எஞ்சினைப் பழக்கும் முதல் ஓட்டம்) செய்வதற்கு உரியதாக இருக்க வேண்டும். முழு சிந்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம். பிள்ளை இருக்கையில் அமர்ந்து ஆக்ஸிலரேட்டரையும் மீட்டர்களையும் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் தீயணைப்பானோடு எஞ்சின் பக்கத்தில் நின்று, எங்கே கசிகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பிரஷர் விழுந்தால் கேமைப் பற்றி யோசிக்காமல் உடனே நிறுத்துங்கள்.

அந்த ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியபின், கையேடு சொன்னால் ஹெட்டை மீண்டும் டார்க் வைத்து, வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதையும், உயர் கியரில் திணற விடுவதையும் தவிருங்கள். பட்டறை ரசீதுகள், அளவுச் சீட்டு, பாகங்களின் எண்கள், எஞ்சின் எண்ணின் படம் ஆகியவற்றை இதற்குள் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். காப்பீட்டு மதிப்பு பேசும்போதும், பின்னாளில் வண்டியை விற்கும்போதும் கேட்கப்படுவது அதுதான்.

800 கிலோமீட்டரில் மறுபடி ஆயிலை மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்துத் திறந்து, உள்ளே உள்ள காகிதத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் நுண்தூள் கொஞ்சம் இருப்பது புதிய எஞ்சினுக்கு இயல்பு. விரலில் தட்டுப்படும் துகளோ செம்பு நிறச் செதிலோ இருந்தால், வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல், சம்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பாருங்கள்.